எவர்சில்வர் பல்

போன வாரம் ஒரு நாள் மத்தியானம். சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டுச் சற்றுத் தலை சாய்த்திருந்தேன். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் வீட்டிலிருந்த என் பேத்தி ஓடி வந்து, உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாட்டி! என் எவர்சில்வர் பல் விழுந்துடுச்சு!"

மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கொண்டைக்கடலை அளவில் ஒரு கடைவாய்ப் பல். வெளியே பளபளவென்று, குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல் ஒரு உலோக மூடி. அதற்குள்ளே பத்திரமாக அந்தப் பால் பல். வேர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் தானாகக் கரைந்து போயிருந்தது.

அந்தப் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஏனென்றால் ஆறு வருஷங்களுக்கு முன்பு, "விழப் போகிற பல்லுக்கு மூடி ஒரு கேடா?" என்று வரிந்து கட்டிக்கொண்டு வாதாடியவள் நானேதான். இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்ல வந்தேன்.

இரவு பதினொரு மணி

குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழ ஆரம்பித்தாள். நான் கிராம்புத் தைலத்தைத் தேடினேன். மாப்பிள்ளை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். விடியற்காலையில்தான் கண் அயர்ந்தாள்.

காலையில் டார்ச் விளக்கை அடித்து வாயைப் பார்த்தோம். கீழ் இடது பக்கத்தில் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு குழி. வலது பக்கத்திலும் அதே இடத்தில் பழுப்பாக ஒரு நிழல்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாகவே குழந்தை முறுக்கைத் தொடுவதில்லை. சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அரை மணி நேரம் வைத்திருப்பாள். "சாப்பிட அடம் பிடிக்கிறாள்" என்று நான் எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்! அடமில்லை, வலி. அதைச் சொல்லக் குழந்தைக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அப்படியும் என் வாய் சும்மா இருந்ததா? "பால் பல்தானே! பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது. தானாக வேறு முளைக்கப் போகிறது" என்றேன்.

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, எனக்கும் அஞ்சு வயசுல இப்படித்தானே ஒரு பல்லைப் பிடுங்கினீங்க? அப்புறம் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஞாபகம் இல்லாமல் என்ன? பிடுங்கிய இடத்தில் பின்னால் வந்த பல்லுக்கு இடம் போதவில்லை. வரிசையை விட்டு விலகிக் கன்னத்துப் பக்கமாக முளைத்தது. பதின்மூன்று வயதில் கம்பி கட்டி, இரண்டு வருஷம் அவள் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! மேற்கொண்டு நான் பேசவில்லை. குழந்தைகளின் பற்களுக்கென்றே தனியாகப் படித்த ஒரு பெண் டாக்டரிடம் போனோம்.

பால் பல்லின் உத்தியோகம்

அந்த டாக்டர் அம்மாள் சொன்ன விஷயங்களை ஒவ்வொரு தாயும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறு மாதக் குழந்தைக்கு முளைக்க ஆரம்பித்து, இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். ஆறு ஏழு வயதில் முன் பற்கள் விழும்போது, "சரி, பால் பல்லின் காலம் முடிந்தது" என்று நாம் நினைத்து விடுகிறோம். அதுதான் தவறு. கடைவாயில் உள்ள பால் பற்கள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயது வரை இருந்து வேலை செய்ய வேண்டியவை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இன்னும் ஆறு வருஷச் சாப்பாடு அல்லவா?

மெல்லுவது ஒரு வேலை. பின்னால் வரப் போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது இன்னொரு வேலை. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. ஆறு வயது வாக்கில், எல்லாப் பால் பற்களுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். ஆயுசுக்கும் அதுதான். முன்னால் இருக்கும் பால் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டால், இந்தப் பெரிய பல் காலியிடத்தை நோக்கி நகர்ந்து வந்து விடுகிறது. துண்டை எடுத்துவிட்டால் பக்கத்து ஆசாமி நகர்ந்து உட்காருவது போலத்தான்! பிறகு உரிய பல் வரும்போது நிற்க இடமில்லாமல் போகிறது. பிடுங்கியே தீர வேண்டும் என்றால், அந்த இடத்தைக் காப்பாற்றக் கம்பியாலான ஒரு சிறு சாதனத்தைப் பொருத்துவார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பால் பல்லின் மேலுள்ள எனாமல், பெரியவர்களுடைய பல்லில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் அறையோ பெரியது. ஆகையால் சொத்தை விழுந்தால் சீக்கிரமே நரம்பைத் தொட்டு விடுகிறது. அதையும் தாண்டி வேர் வழியே சீழ் இறங்கினால், அடியில் வளர்ந்து வரும் நிரந்தரப் பல்லின் எனாமல்கூட வடுப்பட்டுப் போகலாம்.

அடைத்தால் போதாதா?

"சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் போதாதா, டாக்டர்?" என்று என் மகள் கேட்டாள்.

பல்லின் தலையில் சிறு குழியாக இருந்தால் அடைத்தாலே போதுமாம். ஆனால் இரண்டு பற்களுக்கு நடுவே, பக்கச் சுவரை அரித்துக்கொண்டு போன சொத்தைக்கு அடைப்பு அவ்வளவாக நிலைக்காது. சின்னப் பல், மெல்லிய சுவர், கொஞ்ச நாளில் அடைப்பு கழன்று விழும், அல்லது சுவரே உடையும். குழந்தையை மறுபடியும் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அதனால்தான் பல் முழுவதையும் தலை முதல் ஈறு வரை மூடிவிடும் கேப் நல்லது என்கிறார்கள். இங்கிலீஷில் அதற்குக் 'கிரவுன்' என்று பெயர். கிரீடம் என்று அர்த்தம்.

இதற்கென்று பல அளவுகளில் ஆயத்தமாகவே மூடிகள் கிடைக்கின்றன. டாக்டர் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். சொப்புச் சாமான் போல வரிசையாக இருந்தன. அதே எவர்சில்வர் ஜாதிதான்: இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்த, துருப் பிடிக்காத எஃகு. 1950-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹம்ஃப்ரி என்ற பல் டாக்டர் குழந்தைகளின் பற்களுக்கு இதை உபயோகிப்பது பற்றி எழுதினார். அன்று முதல் இன்று வரை உலகமெங்கும் இது வழக்கத்தில் இருந்து வருகிறது.

டாக்டர் ஒரு மூடியை எடுத்து என் பேத்தியின் சுண்டு விரல் நுனியில் மாட்டி, "இது ராஜகுமாரி கிரீடம். உனக்கு வேணுமா?" என்றார். அதுவரை என் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தாள்.

இடது பல்லுக்கு ஒரு வைத்தியம்

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இரண்டு பற்களும் வெவ்வேறு நிலையில் இருப்பது தெரிந்தது.

இரவில் வலித்த இடது பல்லில் சொத்தை நரம்பை எட்டிவிட்டது. ஒன்றும் தின்னாமலே, தூக்கத்தில் எழுப்பி அழ வைக்கும் வலி அதற்கு முக்கியமான அடையாளமாம். அந்தப் பல்லை அப்படியே மூடினால் உள்ளே சீழ் வைக்கும். ஆகவே ஈறில் மரத்துப் போகும் களிம்பைத் தடவி, பிறகு சிறு ஊசி போட்டு, கெட்டுப் போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். வேருக்குள் ஒரு மருந்தை நிரப்பினார்கள். அந்த மருந்தில் ஒரு நயம் இருக்கிறது. பிற்பாடு பால் பல்லின் வேர் கரையும்போது இதுவும் கூடவே கரைந்து, புதுப் பல்லுக்கு வழி விட்டுவிடும். அதன் பிறகு பல்லைச் சுற்றிலும் கொஞ்சம் தேய்த்து, அளவான மூடியை எடுத்து, ஓரத்தை ஈறுக்கு ஏற்றாற் போல் மடக்கிச் சிமெண்ட் வைத்து மாட்டிவிட்டார்கள்.

ஊசி போட்டபோது அழுதாள். பொய் சொல்வானேன்? ஆனால் அன்று இரவு, பல நாட்களுக்குப் பிறகு, ஒரே தூக்கமாகத் தூங்கினாள்.

வலது பல்லுக்கு இன்னொரு வைத்தியம்

வலது பல்லில் சொத்தை இருந்தாலும் நரம்பை எட்டவில்லை. நடுவே நல்ல பல் ஒரு பட்டையாக மிச்சமிருந்தது. "இதுக்கு ஊசியும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. சொத்தையைச் சுரண்டக்கூடப் போவதில்லையாம்!

இந்த முறைக்கு 'ஹால் முறை' என்று பெயர். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பெண்மணி பல் டாக்டராக இருந்தார். 1980-களிலிருந்தே அவர் தம்மிடம் வந்த குழந்தைகளுக்குச் சொத்தையைச் சுரண்டாமல், பல்லைத் தேய்க்காமல், ஊசி போடாமல், மேலே எவர்சில்வர் மூடியை மட்டும் சிமெண்ட் வைத்து மாட்டி வந்தார். சொத்தையை முழுக்க எடுத்த பிறகே மூட வேண்டும் என்பதுதான் அந்நாளில் எல்லோருக்கும் பாடம். ஆனால் அந்த அம்மாள் ஒவ்வொரு பல்லுக்கும் ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். டண்டீ சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 259 குழந்தைகளுக்குப் போட்ட 978 மூடிகளின் வரலாறு 2006-ல் வெளியாயிற்று.

அதோடு விடாமல் ஸ்காட்லாந்தில் 132 குழந்தைகளை வைத்து நேருக்கு நேர் பரீட்சையும் செய்தார்கள். ஒரே குழந்தையின் வாயில் ஒரு பல்லுக்கு ஹால் முறை. இன்னொரு பல்லுக்கு வழக்கமான வைத்தியம். ஐந்து வருஷங்கள் கழித்து என்ன ஆயிற்று என்பதை 2011-ல் பிரசுரித்தார்கள். நெடுங்காலம் தொடர்ந்து பார்க்க முடிந்த 91 குழந்தைகளில், மூடி போட்ட பற்களில் 3 மட்டுமே சீழ், கடும் வலி போன்ற பெரிய தொந்தரவுக்கு உள்ளாயின. வழக்கமான முறையில் வைத்தியம் செய்த பற்களிலோ 15!

இதன் சூட்சுமம் எளிதானதுதான். சொத்தையை உண்டாக்கும் கிருமிகளுக்கு நாம் தின்னும் தித்திப்பே ஆகாரம். இடுக்கில்லாமல் மூடிவிட்டால் ஆகாரம் போகும் வழி அடைபடுகிறது. கிருமிகள் ஓய்ந்து சொத்தை அப்படியே நின்று விடுகிறது.

எங்கள் குழந்தைக்கு முதல் நாள், பற்களுக்கு இடையே இரண்டு சிறு ரப்பர் வளையங்களைச் செருகி அனுப்பினார்கள். சில நாட்களில் அவை மூடி நுழையக் கொஞ்சம் இடைவெளி உண்டாக்கிவிட்டன. மறு தடவை போனபோது வளையங்களை எடுத்துவிட்டு, மூடிக்குள் சிமெண்டை நிரப்பிப் பல்லின் மேல் வைத்து, "நல்லாக் கடி, கண்ணு!" என்றார் டாக்டர். கடித்தாள். டக்கென்று உட்கார்ந்து கொண்டது. மூடி நழுவித் தொண்டைக்குள் போய்விடாதபடி அதை ஒட்டுப் பட்டையால் பிடித்து வைத்திருந்ததையும் கவனித்தேன். ஈறு சிறிது வெளுத்துப் பிறகு சரியாகிவிட்டது. மூடி கொஞ்சம் உயரமாக இருந்ததால் சில நாட்கள் கடிக்க இடைஞ்சல். கொஞ்ச நாளில் அதுவும் தானாகச் சமனாயிற்று.

இந்த முறை எல்லாப் பல்லுக்கும் ஏற்றதல்ல. இரவு வலி, ஈறில் கொப்புளம், சீழ், வீக்கம் இருந்தால் கூடாது. குழந்தைக்கு இருதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிற குழந்தைகள் உண்டு. நிக்கல் ஒத்துக்கொள்ளாததால் அப்படி ஆகலாம். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

"பெண் குழந்தைக்குப் போய்..."

மூடி போட்டுக்கொண்டு வந்ததும் எதிர் வீட்டு அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "பெண் குழந்தைக்குப் போய் வெள்ளிப் பல்லா?" என்பதுதான். ஆண் குழந்தையாக இருந்தால் மட்டும் அவர் கண்ணுக்கு அழகாக இருந்திருக்குமோ, தெரியவில்லை!

வெள்ளை மூடியும் இல்லாமலில்லை. ஜிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளில் குழந்தைகளுக்கென்றே செய்த மூடிகள் வந்திருக்கின்றன. பார்க்கப் பல் மாதிரியே இருக்கும். ஆனால் விலை கூடுதல். பல்லையும் அதிகமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். எவர்சில்வரைப் போல ஓரத்தை மடக்கிச் சரிப்படுத்த முடியாது. ஹால் முறையில் வழக்கமாகப் போடுவதும் எவர்சில்வர்தான். முன் பல் என்றால், பல்லின் வடிவத்தில் உள்ள மெல்லிய கூட்டுக்குள் வெள்ளைப் பசையை நிரப்பி, விளக்கொளியில் இறுக வைத்து, கூட்டை உரித்து எடுத்துவிடும் முறையும் இருக்கிறது. சிரித்தால் தெரியும் பல்லுக்கு வெள்ளை, மெல்லும் பல்லுக்கு எவர்சில்வர் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளை விசாரிக்கலாம். குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்தே நடந்து வருகிறது.

மூடி போடும்படி வராமல் இருக்க

மூடி போட்டாயிற்று என்று பல் தேய்ப்பதை விட்டுவிடக் கூடாது. மூடியின் ஓரத்து ஈறையும், மூடியில்லாத மற்றப் பற்களையும் கவனித்தாக வேண்டும். எங்களுக்கு டாக்டர் சொன்ன புத்திமதிகளில் சில:

பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்து விடுகிறது. பால் பல்லிலேயே தங்கி நிற்கிறது. அதில் சர்க்கரையும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

தித்திப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். நாள் முழுவதும் பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டே இருப்பதைவிட, சாப்பாட்டோடு ஒரு தடவை தின்றுவிட்டு எழுவது மேல்.

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் காலையும், இரவு படுக்கும் முன்பும் தேய்த்துவிட வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பசை. ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை குழந்தை தேய்த்த பிறகு நீங்களும் ஒரு தடவை தேய்த்து விடுங்கள்.

மாதம் ஒரு முறை டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல் வெளுத்திருந்தால் அதுவே சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம். ஒரு வயது நிறைவதற்குள் ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டிவிடுவது உத்தமம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் மறு நாள் என்று தள்ளாமல் அன்றே ஓடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை சாப்பிட அடம் பிடித்தால், அதட்டுவதற்கு முன் ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். இது டாக்டர் சொன்னதல்ல. நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

இடது பக்கத்து மூடிப் பல் போன வருஷமே பள்ளிக்கூடத்தில் விழுந்து எங்கேயோ தொலைந்து போயிற்று. வலது பக்கத்ததுதான் இப்போது என் கையில் இருக்கிறது.

"எங்கள் காலத்தில் விழுந்த பல்லைக் கூரை மேல் எறிவோம்" என்றேன்.

"நம்ம வீடு ரெண்டாவது மாடி, பாட்டி. மேலே இன்னொருத்தங்க வீடு இருக்கு!" என்று சிரித்தாள்.

சிரித்த வாயை அப்படியே திறக்கச் சொல்லி டார்ச் விளக்கை அடித்தேன். பல் விழுந்த இடத்தில், ஈறைக் கீறிக்கொண்டு அரிசி முனை போல் ஒரு வெண்மை தெரிந்தது. வரிசையில், அதற்கென்று காத்துக்கொண்டிருந்த அதே இடத்தில்.

பல்லைக் குங்குமச் சிமிழில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். இனி யாராவது, "பால் பல்தானே!" என்று என்னிடம் ஆரம்பித்தால், பேசாமல் எழுந்து போய் அந்தச் சிமிழை எடுத்து வந்து திறந்து காட்டுவதாக உத்தேசம்.